கருப்பு பீருக்கு எந்தச் சுருட்டு

1

நான் பீர்க்கடை நடத்துகிறேன். பத்து வருஷமாக ஊருக்கு எழுதிய கடிதங்களில் பீர்க்கடை என்ற சொல்லை மட்டும் எழுதாமலே விட்டிருந்தேன். அதனால் இங்கே முதல் வரியிலேயே வைத்துவிடுகிறேன்.

"ஓட்டலில் வேலை" என்றுதான் அண்ணனுக்கு எழுதுவேன். அது முழுப் பொய்யும் இல்லை. எங்கள் கடையில் சாப்பாடும் உண்டு. உருளைக்கிழங்கு உருண்டை, பன்றிக்கறி, வேகவைத்த முட்டைக்கோஸ் எல்லாம் போடுகிறோம். ஆனால் ஆட்கள் தேடி வருவது அதற்காக இல்லை. கருப்பு பீருக்காகவும், அதோடு சேர்த்துப் பிடிக்க நான் எடுத்துத் தரும் சுருட்டுக்காகவும் வருகிறார்கள். அந்தச் சுருட்டு விஷயத்தால்தான் இந்த நாட்டில் நான் இருக்கிறேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதையும் சொல்கிறேன்.

இது மேற்கு ஜெர்மனியில், பவேரியா என்கிற தெற்கு மாநிலத்தில், ஆற்றோரமாக இருக்கிற ஒரு சின்ன ஊர். போன அக்டோபரில் கடை என் பெயருக்கு மாறியது. உரிமையாளர் பெயர் வாசலில் தெரிய வேண்டும் என்பது இங்கே சட்டம். பெயின்டர் வந்து பலகையில் 'லூர்து மேரி' என்று அவர்கள் எழுத்தில் எழுதினார். ஓர் எழுத்தை விட்டுவிட்டார். "யாரும் கவனிக்கப் போறதில்ல" என்றார். "நான் கவனிப்பேன்" என்று சொல்லி, அழித்து எழுத வைத்தேன்.

அந்த வாரமே ஒருவர் வந்தார். பக்கத்து ஊர் எந்திரத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக்காக வந்த எஞ்சினியர். பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீங்க… தமிழாங்க?"

"ஆமாங்க. ஏலாக்குறிச்சிப் பக்கம்."

"அட! நான் பெரம்பலூருங்க. உங்க ஊரு மாதா கோயிலுக்கு வந்திருக்கேன்." அவர் முகமெல்லாம் சிரிப்பு. "இங்க வேலை பாக்குறீங்களா?"

"கடை என்னுதுங்க."

அவர் வரிசையாக நின்ற கண்ணாடிக் குவளைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"ஊர்ல தெரியுங்களா?"

"இன்னும் சொல்லலைங்க."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க" என்றார். நான் அப்படிக் கேட்கவே இல்லை. கேட்காமலே சொன்னதால் கட்டாயம் சொல்வார் என்று புரிந்துவிட்டது. அவர் கெட்டவர் இல்லை. ஊருக்குப் போனதும் பேச்சுவாக்கில் வந்துவிடும், அவ்வளவுதான். என் கதையை என் அப்பா வேறொருவர் வாயால் கேட்கக் கூடாது. அவர் காபி குடித்துவிட்டுப் போனதும் கல்லாவிலேயே உட்கார்ந்து அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன்.

2

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அப்பா திருமானூர்ப் பக்கம் கரும்புத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தார். வெட்டு முடிந்தால் வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குப் போவார். கொப்பரையில் பாகு கிளறுவதில் அவர் கைக்கு மதிப்பு இருந்தது. சாயங்காலம் குடிப்பார். அது மதுவிலக்கு இருந்த சமயம், கரும்புக் கொல்லைக்குள் காய்ச்சியதைத்தான் எல்லாரும் குடித்தார்கள். ஒரு மழை நாளில் மூன்று பேர் சேர்ந்து குடித்தார்கள். இரண்டு பேர் செத்துப்போனார்கள். அப்பா பிழைத்தார். மறுநாள் காலையில் எழுந்து, "ஏன் இன்னும் விடியல?" என்று கேட்டார். வெயில் வாசலில் விழுந்துகிடந்தது.

அப்போது எனக்குப் பதினேழு வயது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அண்ணன் சவரிமுத்து ஆசிரியர் பயிற்சியில் இருந்தார். நான் மாதா கோயிலுக்கு முழங்காலால் நடந்து போய், ஒரு சொட்டுகூடக் குடிக்க மாட்டேன் என்று பொருத்தனை செய்தேன். அப்பாவும் அதன் பிறகு தொடவில்லை. அவருக்கு மிச்சம் இருந்தது சுருட்டு ஒன்றுதான்.

அதை வாங்கிவருவது என் வேலை. திருமானூர்ச் சந்தையில் நூலால் கட்டிய கட்டுகளாக வைத்திருப்பார்கள். கண் போன பிறகு அப்பாவின் கோபம் முழுக்கச் சுருட்டின் மேல் திரும்பியது. காய்ந்திருந்தால் தூக்கி எறிவார். ஈரமாக இருந்து அணைந்துபோனாலும் எறிவார். திட்டுக்குப் பயந்து நானே ஒரு முறை வைத்துக்கொண்டேன். கட்டை வாங்குமுன் ஒரு சுருட்டைக் காதருகே வைத்து மெல்ல அமுக்கிப் பார்ப்பேன். நொறுங்குகிற சத்தம் வந்தால் வேண்டாம். பிறகு மோந்து பார்ப்பேன். கருப்பட்டித் தண்ணீர் தெளித்துப் பதம் போட்ட புகையிலைக்கு ஒரு வாசனை, புளித்துப்போன புகையிலைக்கு வேறு வாசனை. கடைக்காரர், "மாப்பிள்ளை பாக்குறியா, சுருட்டு பாக்குறியா?" என்று கிண்டல் செய்வார். பார்த்துத்தான் எடுப்பேன்.

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் பயிற்சி தருவதாகக் கன்னியாஸ்திரீகள் பெண்களைச் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்பு போதும் என்றார்கள். ஞானஸ்நானச் சீட்டில் என் பெயர் ஒரே சொல்லாக இருந்தது, பள்ளிச் சான்றிதழில் இரண்டு சொல். அந்த ஓர் இடைவெளிக்காக அரியலூர் தாலுகா ஆபீசுக்கு எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. ஒரு கையெழுத்துக்காகப் பெரம்பலூருக்கு மட்டும் மூன்று முறை பஸ் ஏறினேன். மூன்றாவது முறை, "இன்னைக்கு சார் லீவு" என்றார் பியூன். "நாளைக்கு வரேன்" என்றேன். "நாளைக்கும் லீவுன்னா?" "நாளான்னைக்கு வரேன்" என்றேன். அவர் உள்ளே போனார். சார் உள்ளேதான் இருந்தார்.

3

இங்கே வந்து நர்சாக முடியவில்லை. வேலையில் குறை இல்லை. நோயாளிகளைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டு எல்லாம் செய்தேன். தேர்வை ஜெர்மன் மொழியில் எழுத வேண்டும். இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் போயிற்று. எலும்புகளின் பெயர் எல்லாம் தெரியும். கேள்விதான் புரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு கிழவர் நான் கட்டிலருகே போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்வார். 'டுங்க்லெ'. கருப்பி என்று அர்த்தம்.

மூன்றாவது தேர்வுக்கு இடம் தரவில்லை. விசா முடிய இன்னும் சில மாதங்கள் இருந்தன. ஊருக்குத் திரும்பிப் போய் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் பாரமாக உட்கார எனக்குச் சம்மதமில்லை. ரொட்டிக்கடைச் சுவரில் 'சமையலறைக்கு ஆள் தேவை' என்று ஒட்டியிருந்தது. விலாசத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அது ஒரு பழைய பீர்க்கடை. உரிமையாளர் ஹெட்விக் என்கிற விதவை. அறுபது வயது, ஆண்பிள்ளைக் குரல், விரலிடுக்கில் சுருட்டு. ஊரில் சில கிழவிகள் சுருட்டுப் பிடித்துப் பார்த்திருக்கிறேன் என்பதால் எனக்கு அது அதிர்ச்சியாக இல்லை. பீர்க்கடை என்பதுதான் வாசலில் நிறுத்தியது. பாத்திரம் கழுவத்தானே, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

முதல் நாள் மத்தியானம். தட்டுகளை எடுக்கக் கூடத்துக்குள் வந்தேன். வட்ட மேசையில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, "ஒரு டுங்க்லெஸ்!" என்றார்.

எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. தட்டை மேசையில் வைத்துவிட்டு நல்ல தமிழில் கத்தினேன். "ஆமாய்யா, கருப்புதான்! அதுக்கு என்ன இப்போ?"

ஹெட்விக் ஓடிவந்தார். என் முகத்தையும் அந்த ஆளின் முகத்தையும் பார்த்தார். உள்ளே போய் ஒரு குவளையில் பீர் பிடித்துக்கொண்டு வந்து என் கண்ணுக்கு நேரே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பழைய தேன் நிறத்தில், அடியில் கருத்துப்போய் இருந்தது. "இதுக்குப் பேர்தான் டுங்க்லெஸ்" என்றார். "கருப்பு பீர்."

கேட்ட மனிதர் ஊர்த் தபால்காரர், பெயர் ஸெப். முதலில் சிரித்துவிட்டார். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அன்று முதல் அவர் கேட்கும் பீரை நானே கொண்டுபோய் வைப்பேன்.

4

ஹெட்விக் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கருப்பு பீரும் ஒரு சுருட்டும் எடுத்துக்கொள்வார். இங்கே சுருட்டில் முக்கியமாக இரண்டு வகை. பிரேசில் இலை சுற்றியது, கன்னங்கரேலென்று இருக்கும், காரம் அதிகம். சுமத்ரா இலை சுற்றியது, வெளிர் பழுப்பு, மிருதுவானது. ஹெட்விக் பிடிப்பது பிரேசில். கருப்புக்குக் கருப்பு என்பது அவர் கணக்கு. வட்ட மேசையில் தினமும் வந்து உட்காரும் வாடிக்கைக்காரர்களும் அப்படித்தான்.

பாத்திரம் கழுவிக்கொண்டே அந்த இரண்டு வாசனையையும் மாதக்கணக்கில் சுவாசித்தேன். கருப்பு பீரின் வாசனை எனக்கு அந்நியமாக இல்லை. முளைகட்டிய கேழ்வரகைக் காயவைத்து வறுத்தால் வருமே, அதுதான். இவர்கள் பார்லியை முளைகட்டி வறுக்கிறார்கள், தானியம்தான் வேறு. அதற்குள்ளே வெல்லக் கொட்டகையின் வாசனையும் லேசாக இருந்தது. ஆனால் ஹெட்விக் சுருட்டைப் பற்றவைத்ததும் இரண்டும் காணாமல் போய்விடும். மிளகும் தோலும் எரிகிற நெடிதான் மிஞ்சும்.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. "உங்க சுருட்டு உங்க பீரை அடிச்சுப் போடுது" என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அதை அப்படித்தான் சொல்ல முடிந்தது. அடிதடி வழக்குப் போல இருந்திருக்கும்.

ஹெட்விக் புருவத்தைத் தூக்கினார். "குடிக்காத நீ என்னத்தைக் கண்ட?"

"மூக்கு குடிக்குது."

கையைத் துடைத்துக்கொண்டு சுருட்டுப் பெட்டியைத் திறந்தேன். சுமத்ராவில் நாலைந்தைக் காதருகே அமுக்கிப் பார்த்து, மோந்து, ஒன்றை எடுத்தேன். பீரையும் மாற்றினேன். பாதாளக் கிடங்கின் குளிர் போகிற வரைக்கும் ஒரு குவளையை வெளியே வைத்திருந்து கொடுத்தேன். சில்லென்று இருந்தால் வாசனை மூடிக்கொண்டிருக்கும்; பழைய சோறும் அப்படித்தானே.

"முதல்ல ஒரு வாய் குடிங்க. அப்புறம் பத்தவைங்க."

அவர் முறைத்துக்கொண்டே செய்தார். பீர் பாதியானது. பேசவில்லை. குவளை காலியானது. பேசவில்லை. சுருட்டு கடைசி இரண்டு விரல் நீளத்துக்கு வந்ததும், "நாளைக்கும் நீயே எடு" என்றார்.

பிறகு வட்ட மேசைக்கும் எடுக்க ஆரம்பித்தேன். எல்லாக் கருப்பு பீரும் ஒன்றில்லை. வறுப்பு ஏறியது ஒன்று, கசப்பான டிகாக்‌ஷன் மாதிரி; அதற்கும் மிருதுவான சுருட்டுதான். தவக்காலத்தில் மட்டும் ஒரு பீர் வரும். அந்தக் காலத்து மடத்துச் சாமியார்கள் உபவாச நாளில் சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தது என்று சொல்வார்கள். ஊரில் தவக்காலத்தில் கறிகூடத் தொடாத எங்களுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்! கெட்டியாக, உலர்ந்த திராட்சையை ஊறவைத்தது போல இருக்கும். அதற்கு மட்டும்தான் பிரேசில். அது தாங்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூக்கு மட்டும் போதாமல் போன சமயங்களில் ஒரு மிடறு வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் துப்பியிருக்கிறேன். விழுங்கியதில்லை. பொருத்தனை குடிப்பதைப் பற்றித்தான், துப்புவதைப் பற்றி இல்லை என்று மாதாவிடம் வாதம் செய்தேன். அது வக்கீல் வாதம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

5

விசா முடிகிற நேரம் வந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் என் காகிதங்களைப் புரட்டிய அதிகாரி அம்மாள், "நீங்கள் நர்ஸ் பயிற்சிக்கு வந்தவர். பயிற்சி முடிந்துவிட்டது. பாத்திரம் கழுவ எங்களிடம் ஆள் இருக்கிறது" என்றார். குரலில் கோபம் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. ஒரு படிவத்தைக் கொடுத்தார். அதில் ஒரு கேள்வி: இந்த வேலையை உள்ளூர்க்காரர் ஒருவர் ஏன் செய்ய முடியாது?

ஹெட்விக் பேனாவை எடுத்து எழுதினார். 'எந்தக் கருப்பு பீருக்கு எந்தச் சுருட்டு என்று இவளுக்குத்தான் தெரியும். எங்களில் யாருக்கும் தெரியாது.'

"இதை எழுதினா சிரிப்பாங்க" என்றேன்.

"சிரிக்கட்டும். உண்மைதானே?"

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அந்த அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் கோப்பு. "இது விளையாட்டா?" என்று ஹெட்விக்கிடம் கேட்டார்.

ஹெட்விக் வாயைத் திறக்கும் முன் நான் சொன்னேன். என் ஜெர்மன் அன்று எப்படியோ நேராக நின்றது. "அம்மா, நான் ரெண்டு தடவை பெயிலானவ. அதை மறைக்கல. எனக்காகப் பாவப்படவும் வேண்டாம். உக்காருங்க. பத்து நிமிஷம் குடுங்க. பொய்னா நானே பெட்டியைக் கட்டிக்கிறேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். தபால்காரர் ஸெப்பைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன். முதலில் அவருக்குச் சாதாரணக் கருப்பு பீரும் பிரேசிலும் வைத்தேன். அடுத்து அதே பீரோடு சுமத்ரா. ஸெப் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். "இது" என்று இரண்டாவதைக் காட்டினார்.

"அவர் உங்கள் வாடிக்கையாளர்" என்றார் அதிகாரி அம்மாள். "நீங்கள் என்ன கேட்டாலும் சொல்வார்."

நியாயமான பேச்சுதான். அது தவக்காலம்தான்; தவக்காலப் பீரை ஒரு சின்னக் குவளையில் ஊற்றி அவர் முன்னாலேயே வைத்தேன். "நீங்க பிடிக்க வேண்டாம். ஒரு வாய் குடிச்சிட்டு ரெண்டு சுருட்டையும் மோந்து மட்டும் பாருங்க. பீரோட ருசி எதை மோந்தா மறையாம இருக்குன்னு சொல்லுங்க." எந்தச் சுருட்டு என்பதைக் காகிதத்தில் எழுதி மடித்து, அவர் கோப்பின் மேலேயே வைத்துவிட்டேன்.

அவர் குடித்தார். ஒன்றை மோந்தார். மறுபடியும் குடித்துவிட்டு இன்னொன்றை மோந்தார். நான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா, அரியலூர் ஸ்டேஷன், திரும்பிப் போய் இறங்கினால் அண்ணன் கேட்கப்போகிற முதல் கேள்வி, எல்லாம் மனசில் ஓடின. அவர் கருப்புச் சுருட்டை எடுத்து மேசை மேல் தனியாக வைத்தார். பிறகு என் காகிதத்தைப் பிரித்தார்.

பேனாவைத் திறந்தார். "இந்த மாதிரி வேலைக்கு எங்கள் பட்டியலில் பெயரே இல்லை" என்று சொல்லிவிட்டு, 'சிறப்புத் திறன் கொண்ட உணவகப் பணியாளர்' என்று எழுதினார். ஒரு வருஷத்துக்கு அனுமதி. குவளையில் மிச்சம் இருந்ததைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த ஒரு வருஷத்தை வருஷாவருஷம் புதுப்பித்தேன். இந்த ஊர்த் தச்சர் மார்ட்டினைக் கல்யாணம் செய்துகொண்டது அதற்கெல்லாம் பிறகுதான். கல்யாணத்தால் கிடைத்த அனுமதி இல்லை என்பதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். ஹெட்விக்குக் கால் முடியாமல் போனபோது, "நீயே எடுத்துக்கோ" என்றார். அதற்கும் ஒரு வகுப்பு, ஒரு சான்றிதழ். இந்தத் தடவை கேள்விகள் புரிந்தன.

6

அண்ணனின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. அண்ணன் இப்போது பள்ளி ஆசிரியர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். 'அப்பாவின் கண்ணைப் பறித்ததையே நீ விற்கிறாய். இந்தக் கடிதத்தை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. பொங்கலுக்கு வருவதாக எழுதியிருந்தாய். இந்த வருஷம் வரவேண்டாம்.'

இரண்டு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எனக்கும் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணன் எழுதியது பொய்யும் இல்லை. மூன்றாவது நாள் ஒன்று தோன்றியது. வராதே என்று சொல்வது அண்ணன், அப்பா இல்லை. அப்பாவுக்குத் தெரிந்த பிறகு அவர் சொல்லட்டும். விமான டிக்கெட்டை எடுத்துவிட்டு 'வருகிறேன்' என்று தந்தி கொடுத்தேன். கடையை மார்ட்டினிடம் விட்டுவிட்டு, ஏழு வயது மகள் ஆக்னஸைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஆக்னஸுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல முடியாது. நான் அவளிடம் பேசுகிற தமிழ் மட்டும் தெரியும். வா, உக்காரு, சாப்பிடு, பால் குடி, தூங்கு. எல்லாம் நான் அவளுக்குப் போடுகிற கட்டளைகள். வாங்க, உக்காருங்க என்று நான் யாரிடமும் பேசி அவள் கேட்டதே இல்லை, பேச யார் இருக்கிறார்கள்? பத்து வார்த்தைக்கு மேல் போனால் ஜெர்மனுக்குத் தாவிவிடுவாள். பாட்டி என்று அவள் கூப்பிடுவது ஹெட்விக்கை. நானே விட்ட குறை இது, பிள்ளையைச் சொல்லிப் பயனில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலிலிருந்து எழுந்து நின்ற அப்பாவிடம் போய், "தாத்தா, உக்காரு!" என்றாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணன் முகம் சுருங்கியது. அப்பா மட்டும் சிரித்து, "சரிங்க அம்மா" என்று உட்கார்ந்தார்.

அண்ணன் என்னிடம், "வந்துட்டல்ல, சரி. அப்பாகிட்ட ஒண்ணும் பேசாத" என்றார். "பேசத்தாண்ணே வந்திருக்கேன்" என்றேன். "நாளைக்குப் பேசுறேன்."

நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பாவுக்காக ஒரு பெட்டி சுருட்டு கொண்டுவந்திருந்தேன். அதை எடுப்பதற்காகப் பயணப் பெட்டியைத் திறந்தபோது துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று இருந்தது. நான் வைத்ததில்லை. அதைப் பார்த்ததும் ஆக்னஸ் துள்ளினாள். ஹெட்விக் பாட்டி தாத்தாவுக்குக் கொடுத்ததாம், ரகசியமாம். நான் கையை நீட்டுவதற்குள் பிரித்து எடுத்துக்கொண்டு ஓடி, அப்பாவின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"தாத்தா, குடி!"

கருப்பு பீர் பாட்டில்.

அப்பா விரலால் தடவினார். கழுத்து, மூடி, அடிப்பாகம். அவர் கைக்கு அது என்னவென்று தெரிய ரொம்ப நேரம் ஆகவில்லை.

"என்னம்மா இது?"

அண்ணன் எழுந்துவிட்டார். நான் அப்பாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"பீர்ப்பா. ஜெர்மனி பீரு. நான் ஓட்டல்ல வேலை பாக்குறேன்னு எழுதினேன்ல, அது பீர்க்கடைப்பா. இப்ப அது என் கடை. நான்தான் விக்கிறேன்."

அப்பா பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. "எத்தினி வருசமா?" என்றார்.

"பத்து வருசமாப்பா."

"நீ குடிப்பியா?"

"இல்லப்பா."

"சரி." பாட்டிலை என் பக்கம் நீட்டினார். "தொற. ஒரு வாய் ஊத்து."

"மாட்டேம்ப்பா."

"ஊருக்கெல்லாம் ஊத்துறவ."

"ஊத்துறேன். அங்கயும் ரெண்டு பேருக்கு ஊத்த மாட்டேன். ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாதவங்க. சண்டைக்கு வருவாங்க, அப்பவும் ஊத்த மாட்டேன். மூணாவது ஆளு நீங்க."

"கண்ணு போனதுலேருந்து நான் தொட்டதே இல்லடி!"

"தெரியும்ப்பா. அதனாலதான் மாட்டேங்குறேன்."

அப்பா வேறு குரலில் கேட்டார். "மோந்தாவது பாக்கலாமா?"

அதை மறுக்க எனக்கு மனசு வரவில்லை. மூடியைத் திறந்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, நானே பிடித்துக்கொண்டு அவர் மூக்கருகே கொண்டுபோனேன். அவர் கை வந்து என் கையின் மேல் இறுகியது. டம்ளரை வாய்ப்பக்கமாக இழுத்தார். கொப்பரை கிளறிய கை, இன்னும் பலம் குறையவில்லை. நான் விடவில்லை. டம்ளர் நடுவில் நின்றது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அப்புறம் அவர் மெதுவாக மூச்சை இழுத்தார். ஒரு தடவை, இன்னொரு தடவை.

"அடிப்புடிச்ச பாயசம் மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கையை எடுத்துக்கொண்டார்.

டம்ளரையும் பாட்டிலையும் வாசலுக்குக் கொண்டுபோய், வெயில் காய்ந்துகொண்டிருந்த தரையில் கடைசிச் சொட்டு வரை ஊற்றினேன். மண் நுரைத்துக் குடித்தது. ஆக்னஸ் ஏன் என்று ஜெர்மனில் கேட்டு அழுதாள். பிறகு சொல்கிறேன் என்றேன்.

"ஊத்திட்டியா?" உள்ளேயிருந்து அப்பா.

"ஊத்திட்டேம்ப்பா."

சுருட்டுப் பெட்டியில் வெளிர் பழுப்பில் ஒன்றை எடுத்து, அமுக்கிப் பார்த்து, அப்பா வாயில் வைத்துப் பற்றவைத்தேன். அவர் புகையை இழுத்தார். வாசலிலிருந்து சூடான மண்ணோடு சேர்ந்து அந்த வறுத்த வாசனை வீட்டுக்குள் வந்தது. அப்பா முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, புகையைப் பாதியில் நிறுத்தி, மோந்தார்.

"இதுக்கு அது சேரும்" என்றார்.

"சேரும்ப்பா. அதான் எனக்கு வேலை."

7

அன்றும் மறுநாளும் அப்பா என்னோடு பேசவில்லை. ஆக்னஸோடு பேசினார். அவள் வா என்றால் போனார், உக்காரு என்றால் உட்கார்ந்தார். அண்ணனும் அதிகம் பேசவில்லை. பொங்கலன்று சாப்பிடும்போது மட்டும், "அந்த ரெண்டு பேரும் யாரு, நீ ஊத்த மாட்டேன்னு சொன்னியே?" என்று கேட்டார். சொன்னேன். ஒருவர் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்றதும் அண்ணன் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

கிளம்புகிற நாள் எல்லாரும் அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். அப்பாவும் வருவேன் என்று பிடிவாதமாக வந்தார். பிளாட்பார பெஞ்சில் ஆக்னஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர், திருச்சிக்குப் போகிறவர், பேச்சுக் கொடுத்தார்.

"பேத்திங்களா? பொண்ணு எங்க இருக்காங்க?"

"ஜெர்மனியில" என்றார் அப்பா. "பீர்க்கடை வச்சிருக்கா."

அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். நான் பெட்டியின் பூட்டைச் சரிபார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

"பெரிய கடைக்காரி" என்றார் அப்பா. பிளாட்பாரத்தில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார். "பெத்த அப்பன் கெஞ்சுறேன், ஒரு சொட்டு குடுக்கல. மண்ணுல ஊத்துனாலும் ஊத்துனா, எனக்குக் குடுக்கல. எத்தினி கடைக்காரனைப் பாத்திருக்கேன் நான்! ஒருத்தனாவது இல்லைன்னு சொல்லியிருக்கானா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. வண்டி வந்து நின்றதும் என் பெட்டியை அவர்தான் தூக்கி ஏற்றினார்.